படி தாண்டிய சோறு

எங்கள் மகளிர் குழுவின் சமையல் கொட்டகைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, ஈரம் படாத இடமாகப் பார்த்து ஒட்டியது நான்தான். சமைத்த சாப்பாட்டை வண்டியில் எடுத்துப் போகிறவர்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்று அரசாங்கம் போட்டிருக்கிற விதிகள் அதில் இருக்கின்றன. ஐந்தாம் வகுப்போடு நின்றவர்களும் படிக்கிற மாதிரி பெரிய எழுத்து.

சோறு ஏற்றுகிற வண்டியில் உரம், பூச்சி மருந்து ஏற்றக் கூடாது. இது முதலாவது. பாத்திரங்களைத் தரையில் படாமல் பலகை மேல் வைத்து, மூடி போட வேண்டும். சூடாகப் போக வேண்டியது கை வைக்க முடியாத சூட்டில் போக வேண்டும், குளிர்ச்சியாகப் போக வேண்டியது ஐஸ் பெட்டியில் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வெதுவெதுப்பாக வைக்கவே கூடாது. சமைத்த நேரத்தை எழுதிப் பாத்திரத்தில் ஒட்ட வேண்டும். இது கடைசி.

கொட்டகையில் மற்றவர்கள் அந்தத் தாளைப் பார்ப்பதில்லை. நான் வெங்காயம் உரிக்க உட்காரும் இடம் அதற்கு நேர் எதிரே இருக்கிறது.

முதலாவது விதியை வைத்துத்தான் என் தம்பியை ஊரை விட்டு அனுப்பினார்கள். அப்போது அது விதி என்று எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் எல்லோர் வாயிலும் அதுவே வந்தது. கடைசியில் இருக்கிற இரண்டு விதிகளும் நான் மீறியவை. அதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் இறந்தபோது பாப்பா எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். பாப்பா என்று நான் கூப்பிடுவது என் ஒரே மகளை. அதற்குப் பிறகு எங்களுக்கு எல்லாம் என் தம்பிதான். அவனிடம் குட்டி யானை என்று சொல்கிற சின்ன லோடு வண்டி ஒன்று இருந்தது. சங்கராபுரம் சந்தைக்குக் காய் ஏற்றுவான், மக்காச்சோளம் ஏற்றுவான். கோயிலில் அன்னதானம் என்றால் அண்டா குண்டாவோடு அவன் வண்டிதான் போகும். பாப்பாவைக் கல்வராயன் மலைமேல் கட்டிக்கொடுத்தபோது சீர் சாமான் மொத்தமும் அந்த வண்டியில்தான் ஏறியது. மருமகன் வீட்டார் கீழேயிருந்து மேலே போய் வெள்ளிமலைப் பக்கம் மளிகைக் கடை வைத்தவர்கள். நல்ல குடும்பம்.

ஏழாம் மாதம் பாப்பாவுக்கு வளையல் போட நாள் குறித்தார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் அன்றைக்கு ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு போக வேண்டும். கட்டுசோறு என்போம். மலைமேல் போய் அங்கே அடுப்பு மூட்டிச் சமைத்தால் என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். அப்படிச் செய்தால் அது கட்டுசோறே இல்லை. தாய்வீட்டு அடுப்பில் வெந்து, நல்ல நேரத்தில் தாய்வீட்டுப் படி தாண்டி, பெண் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரி முதல் வாய் சாப்பிட வேண்டும்.

அது திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் சோறு படி தாண்ட வேண்டும் என்று விடிகிறதற்கு முன்பே அடுப்பு மூட்டினேன். புளி, எலுமிச்சை, எள், கொத்தமல்லி, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல். பக்கத்து வீட்டு அக்கா கூட இருந்து தேங்காய் துருவிக் கொடுத்தார். ஆறு மணிக்கெல்லாம் ஏழும் ஆகிவிட்டது.

எனக்கு ஒரு கவலை இருந்தது. மலைமேல் காற்று சில்லென்று அடிக்கும். சோறு ஆறிப்போனால் பாப்பா சாப்பிட மாட்டாள். சின்ன வயதிலிருந்தே ஆறின சோறு அவளுக்கு ஆகாது. அதனால் தம்பி வண்டியில் வைக்கோலைப் பரப்பினேன். ஒவ்வொரு பாத்திரத்தையும் வைக்கோலுக்குள் பதித்து, மேலே இரண்டு கம்பளியைப் போர்த்தினேன். தயிர்ச்சோற்றைக்கூட அப்படித்தான் வைத்தேன். பாத்திரம் வெதுவெதுவென்று இருந்தால் சோறு கெடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள்.

முந்தின நாள் தம்பி கள்ளக்குறிச்சியிலிருந்து பூச்சி மருந்து டப்பா ஏற்றிவந்து சங்கராபுரத்தில் ஒரு கடைக்கு இறக்கியிருந்தான். அதை அவனே என்னிடம் சொன்னான்.

“சோப்புத்தூள் போட்டு மூணு தடவ கழுவிட்டேன்க்கா. ஆனா இரும்புல லேசா வாசன நிக்குது. வேற யாரு வண்டியாச்சும் கேக்கட்டுமா?”

“மஞ்சத்தண்ணி தெளிச்சா போதும்டா. தாய்மாமன் வண்டியில போனாத்தான் அதுக்கு மரியாத.”

ஏழே காலுக்கு நான் முதல் பாத்திரத்தைத் தூக்கிப் படி தாண்டினேன். ஏழும் வண்டியில் ஏறின. ஆனால் சொந்தக்காரர்களை ஏற்றிவர வேண்டிய வேன் வரவில்லை. டயர் பஞ்சர் என்று போன் வந்தது. ராகு காலம் பிறந்துவிட்டால் ஒன்பது மணி வரைக்கும் கிளம்பக் கூடாது. அதனால் பெரியவர்கள் ஒரு வழி சொன்னார்கள். ஏழரைக்கு முன்னால் வண்டியை நாலு வீடு தள்ளிக் கொண்டுபோய்த் தெருமுனையில் நிறுத்திவிட வேண்டும். அப்படியானால் பயணம் புறப்பட்டதாகக் கணக்கு. அப்படியே நிறுத்தினோம். அங்கே நிழல் இல்லை.

எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று ஏறியது. தம்பி என்னைத் தேடி வந்தான்.

“அக்கா, தயிர்ச்சோத்தையும் தேங்காச் சோத்தையும் மட்டும் உள்ள எடுத்தாந்து ஃபேன்ல வெச்சிரலாமா? வேன் வந்ததும் ஏத்திக்கலாம்.”

“படி தாண்டுனத திருப்பி உள்ள கொண்டாருவாங்களாடா? மொதக் கொழந்தைக்குப் போற சோறு.”

“அதுக்கில்லக்கா. கம்பளி வேற போத்தி வெச்சிருக்க. சோத்துக்கு இன்னா ஜுரமா?”

பக்கத்து வீட்டு அக்கா சிரித்துவிட்டார். “தாய்மாமன் இப்பயே பிள்ளத்தாச்சிக்குப் பத்தியம் பாக்க ஆரம்பிச்சிட்டாருடி” என்றார். அவனும் சிரித்துக்கொண்டே போய்விட்டான். நான் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதற்கு வாய் வரவில்லை. நாலு பேர் எதிரில் வழக்கத்தை மீறிப் பேசுகிற தைரியம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ஒன்பதேகாலுக்குக் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது வேனில் வந்த இரண்டு பேருக்கு வளைவில் தலை சுற்றி வாந்தி. நிறுத்தி நிறுத்திப் போனோம். போய்ச் சேரும்போது பன்னிரண்டாகக் கால் மணி இருந்தது. அது எமகண்டம். முடிந்த பிறகுதான் சோற்றை இறக்க வேண்டும் என்று சம்மந்தியம்மா வாசலிலேயே நிற்கவைத்தார். மருமகனின் அம்மாவைத்தான் சொல்கிறேன். அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

பன்னிரண்டுக்கு மேல் பாத்திரங்களை இறக்கிப் பின்கட்டில் வைத்தோம். தம்பி தயிர்ச்சோற்று மூடியைத் திறந்தான். மூடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மற்றவர்கள் முன்கட்டில் இருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் அங்கே.

“அக்கா, வாடை வருது.”

“தயிருன்னா புளிக்காதா?”

“புளிப்பு இல்லக்கா. வேற மாதிரி வருது. தேங்காச் சோத்த மோந்து பாரு, நூலு இழுக்குது.”

நான் மோந்து பார்த்தேன். அவன் சொன்னது உண்மை. என் மூக்குக்கும் தெரிந்தது.

“நல்ல நாளும் அதுவுமா வாயக் கழுவுடா,” என்றேன். “ஏழு இருக்கணும். அஞ்சு வெச்சா சம்மந்தியம்மா இன்னா நெனப்பாங்க?”

சம்மந்தி வீட்டு அடுப்பில் காய்ச்சிய பால் இருந்தது. ஒரு செம்பு வாங்கித் தயிர்ச்சோற்றில் ஊற்றிப் பிசைந்தேன். மாதுளம்பழ முத்து உதிர்த்துப் போட்டேன். தேங்காய்ச் சோற்றின் மேல் முந்திரி வறுத்துக் கொட்டினேன். வாடை அடங்கிவிட்டது. தம்பி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

வளையல் அடுக்கி, நலங்கு வைத்து, பாப்பா இலை முன்னால் உட்காரும்போது இரண்டு மணி ஆகிவிட்டது. கன்னமெல்லாம் சந்தனம். நான்தான் ஊட்டினேன். ஏழிலிருந்தும் ஒவ்வொரு வாய். அவளுக்குத் தயிர்ச்சோறு பிடிக்கும். “போதும்மா, வயிறு ரொம்பிடுச்சு” என்றாள். “புள்ளைக்கு ஒரு வாய்” என்று சொல்லி மறுபடியும் ஊட்டினேன். “சூடா இருக்குதும்மா” என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

அந்தி சாய்வதற்குள் ஆரம்பித்துவிட்டது. முதலில் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர், அப்புறம் சம்மந்தி வீட்டுப் பெரியவர், அப்புறம் பாப்பா. ஆம்புலன்ஸ் மலை ஏறி வந்தது. வரும்போது தலை சுற்றிய அதே வளைவுகளில் பாப்பா என் மடியில் தலை வைத்துக் கண் செருகி இறங்கினாள். வளையல்களை யாரும் கழற்றவில்லை. வண்டி குலுங்குகிறபோதெல்லாம் அவை சத்தம் போட்டன.

மற்ற எல்லோரும் இரண்டு நாளில் எழுந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் பாப்பாவுக்கு வலி கண்டது. பெண் குழந்தை. அரை நாள் இருந்தது.

சாப்பாட்டால்தான் ஆனது என்று டாக்டர் சொல்லவில்லை. உடம்பில் தண்ணீர் வற்றிப்போனதால் இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம் என்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த ‘இருக்கலாம்’ நிற்கவில்லை. பழி சொல்ல யாராவது ஒருவர் வேண்டியிருந்தது.

“சோத்து வண்டி பக்கத்துல நிக்கிறப்பவே எனக்கு மருந்து வாசன அடிச்சுது,” என்றார் வேனில் வந்த ஒருவர்.

“மொத நாளு மருந்து டப்பா ஏத்துனியாமே?” என்று சம்மந்தியம்மா கேட்டார். குரல் உயரவே இல்லை. “சோறு ஏத்துற வண்டியில வெசத்த ஏத்துவியாப்பா? உன் அக்கா மவதான அவ?”

“ஏத்துனேங்க. கழுவிட்டுத்தாங்க சோத்த வெச்சேன்.”

“கழுவுனா போயிடுமா?”

தம்பி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். தரையில் யாரோ கொட்டிய டீ காய்ந்து கிடந்தது. இன்றைக்கும் அந்தக் கறையின் வடிவம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

உள்ளே படுத்திருந்த பாப்பாவுக்கும் அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்தது. “மாமாவ என் கண்ணு முன்னால வர வேணாம்னு சொல்லும்மா,” என்றாள். நான் சரி என்று தலையாட்டினேன்.

விசாரிக்க உணவுப் பாதுகாப்பு ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். மிச்சச் சோறு இருக்கிறதா என்று கேட்டார். அதைக் குழி தோண்டிக் கொட்டிவிட்டிருந்தார்கள். யார் யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று சிலரிடம் கேட்டு எழுதிக்கொண்டார். என்னிடம், “எத்தன மணிக்கும்மா சமைச்சீங்க?” என்றார். “காலையில,” என்றேன். “காலையில எத்தன மணிக்கு?” என்று அவர் கேட்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீடு என்று விட்டுவிட்டார்.

நான் தெரியாமல் இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு நான் பந்தி முடிந்து புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் மட்டும்தான் சாப்பிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீட்டு அக்காவும் அவை இரண்டுதான் சாப்பிட்டார். அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மருந்து வண்டியில் இருந்திருந்தால் ஏழு பாத்திரத்திலும்தானே இருந்திருக்கும்? இந்தக் கேள்வி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே எனக்குள் வந்துவிட்டது. வந்ததை அங்கேயே அமுக்கிவைத்தேன். பாப்பாவுக்கு அப்பா இல்லை, பிள்ளையும் போய்விட்டது, அம்மாவும் இல்லாமல் போனால் என்ன செய்வாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவளுக்காக மட்டும் அப்படிச் செய்தேன் என்று இப்போது சொல்ல முடியவில்லை. அவள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்கிற பயம்தான் பெரிதாக இருந்தது.

அதற்கப்புறம் தம்பி வண்டிக்கு அன்னதான லோடு வரவில்லை. கல்யாண லோடு நின்றது. காய்கறி வியாபாரிகளும் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். டீக்கடையில் அவனைப் பார்த்தால், “மருந்து வண்டி வருதுப்பா, டம்ளர மூடு” என்று ஒருவன் சொல்வானாம். விளையாட்டுக்குத்தான் சொன்னேன் என்பானாம். நாலைந்து மாதத்தில் வண்டியை விற்றுவிட்டு, ஓசூர்ப் பக்கம் தண்ணீர் லாரி ஓட்டக் கிளம்பினான்.

போகிற அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாசல் பக்கத்திலேயே நின்றான்.

“போய்க்கினு இருக்கேன்க்கா.”

“சாப்ட்டுப் போடா.”

“வேணாம்.” குனிந்து செருப்பு வாரை இழுத்துவிட்டான். “நீ ஒரு வார்த்த சொல்லுவன்னு பாத்தேன்.”

“இன்னாத்த சொல்ல?” என்று கேட்டேன். அப்படிக் கேட்ட வாய் என்னுடையதுதான்.

“ஒண்ணும் இல்ல. கதவ சாத்திக்கோ, நாய் வருது,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நாலு வருஷம் போயிற்று. பாப்பாவுக்கு மறுபடியும் பிறந்து, அவனுக்கு இரண்டு வயது முடிந்தது. பயந்து பயந்து பெற்றாள். அந்த முறை ஏழாம் மாதம் சோறு எதுவும் கட்டிக்கொண்டு வர வேண்டாம், வளையல் மட்டும் எடுத்து வந்தால் போதும் என்று சம்மந்தியம்மாவே சொல்லிவிட்டார்.

எங்கள் ஊர் மகளிர் குழுவில் சமையல் ஆர்டர் எடுக்க ஆரம்பித்தார்கள். நான் காய் நறுக்கப் போனேன். அடுப்புப் பக்கம் போவதில்லை. லைசென்ஸ் வாங்க வேண்டுமானால் எல்லோரும் ஒரு நாள் வகுப்புக்கு வர வேண்டும் என்று கள்ளக்குறிச்சிக்குக் கூப்பிட்டார்கள். போனேன். கடைசி வரிசையில் சுவர் ஓரமாக உட்கார்ந்தேன்.

வகுப்பு எடுத்தது ஒரு பெண் ஆபீசர். என் மகளுக்கு ஒரு வயது கூடக் குறைய இருக்கும். சோற்றில் குத்திச் சூடு பார்க்கிற கருவி ஒன்றை எடுத்துக் காட்டினார். எங்கள் குழுவில் வாயாடி ஒருத்தி இருக்கிறாள். “ஏம்மா, சோத்துக்கும் ஜுரம் பாக்கணுமா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தெருமுனையில் நின்ற வண்டியும் அதன் பக்கத்தில் நின்று சிரித்த தம்பியும் கண்முன் வந்தார்கள்.

“பாக்கணும்மா,” என்றார் ஆபீசர். “அடுப்பு விட்டு எறக்குனதுக்கு அப்புறம் கை வெச்சா சுடணும். இல்ல, ஜில்லுனு இருக்கணும். வெதுவெதுன்னு இருக்கு பாருங்க, அதுதான் ஆபத்து. குழந்தைய கம்பளியில சுத்தி வெச்சா எப்படி வளரும், அப்படி அந்தச் சூட்டுல கிருமி வளரும். தயிர், தேங்கா, பால் சேர்ந்ததுன்னா ரொம்ப சீக்கிரம்.”

அவர் அதற்கு மேல் சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. டீ கொடுக்கிற நேரத்தில் எல்லோரும் வெளியே போன பிறகு அவர் மேசைப் பக்கம் போனேன். புடவைத் தலைப்பு முழுவதும் கைக்குள் சுருட்டியிருந்தேன்.

“ஒண்ணு கேக்கலாங்களா?”

“கேளுங்கம்மா.”

“மருந்து ஏத்துன வண்டியில சோறு போனா, அதுல ஏழு வகை இருந்தா, ஏழும் கெட்டிருக்குங்களா, இல்ல ஒண்ணு ரெண்டு மட்டுமா?”

அவர் டீயை வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். எதைச் சாப்பிட்டவர்களுக்கு ஆனது என்று கேட்டார். தயிரும் தேங்காயும் என்றேன். மற்றதைச் சாப்பிட்டவர்கள்? ஒன்றும் ஆகவில்லை. மூடி போட்டிருந்ததா? போட்டிருந்தது. சமைத்து எத்தனை நேரம் கழித்துச் சாப்பிட்டார்கள்? விரல் விட்டு எண்ணினேன். எட்டு மணி நேரம் என்றேன்.

“மருந்து ஏத்துன வண்டியில சோறு ஏத்துனதும் தப்புதாம்மா. ஆனா நீங்க சொல்றத பாத்தா இது வண்டியால வந்தது மாதிரி தெரியல. நேரத்தாலயும் சூட்டாலயும் வந்தது.” பிறகு மெதுவாகக் கேட்டார். “யார் வீட்டுலம்மா?”

“தெரிஞ்சவங்க வூட்டுலங்க,” என்றேன்.

அங்கேயும் என்னால் சொல்ல முடியவில்லை. வகுப்பில் கொடுத்த விதிகள் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த மாதம் பேரனுக்குக் காது குத்துவதாக இருந்தது. பாப்பாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது. என் தம்பி மடியில்தான் பேரனை உட்காரவைக்க வேண்டும். “அந்த ஆளு பேர எடுக்காதம்மா, பெரியப்பா மவன உக்கார வெச்சிக்கலாம்” என்று போனில் சொல்லிவிட்டாள். தம்பிக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. அந்த ஒரு மடிதான் அவனுக்கு மிச்சம் இருந்தது. அதுவும் போனால் அப்புறம் அவன் எங்களுக்கு யாரோ ஒருவன்.

காலை பஸ்ஸில் மலை ஏறினேன். கடையில் பாப்பா மட்டும் இருந்தாள். சர்க்கரையைக் கால் கிலோ, அரைக் கிலோவாகப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தாள். பையன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான்.

“மாமாவ கூப்புடணும் பாப்பா.”

“ஆரம்பிச்சிட்டியா?”

“வண்டியில ஒண்ணும் இல்ல பாப்பா. சோறுதான் கெட்டுப் போயிருந்துச்சு. நான்தான்.”

அவள் கை நிற்கவில்லை. ஒரு பொட்டலத்தை மடித்து நூல் சுற்றினாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வைக்கோல், கம்பளி, தெருமுனை, எமகண்டம். சொல்லச் சொல்ல அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள். பால் ஊற்றியதைச் சொன்னபோதுதான் கை நின்றது.

“வாடை வந்துச்சா?”

“வந்துச்சு.”

“உனக்குத் தெரிஞ்சுச்சா?”

“தெரிஞ்சுச்சு. மாமாவும் சொன்னான். நான்தான் அவன் வாய அடைச்சேன்.”

ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் திரும்பியது.

“போதும்னு சொன்னேன்மா. நீதான் புள்ளைக்கு ஒரு வாய்னு மறுபடியும் ஊட்டுன.”

“ஆமா பாப்பா.”

அவள் அழவில்லை. அழுதால் பக்கத்தில் போய் உட்காரலாம் என்று இருந்தேன். சிந்தியிருந்த சர்க்கரையைக் கையால் கூட்டி ஒரு ஓரமாகத் தள்ளினாள். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“பன்னண்டரைக்கு ஒரு பஸ் இருக்குது. அத உட்டா நாலரைக்குத்தான்.”

நான் எழுந்து வந்துவிட்டேன். பையனை எழுப்பிப் பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை.

காது குத்துக்கு என் தம்பி வந்திருந்தான். பாப்பாவே போன் போட்டுக் கூப்பிட்டாளாம். மீசை முழுக்க நரைத்திருந்தது. சம்மந்தியம்மா எதிரில் போய், “வாப்பா” என்று மட்டும் சொல்லி அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேரனை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்தபோது, ஊசியைப் பார்த்த பேரன் அவன் மீசையைப் பிடித்து இழுத்து ஊரைக் கூட்டினான். “டேய், காது உனக்குத்தான்டா, எனக்கு எதுக்குடா வலிக்குது?” என்று தம்பி கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். பாப்பா சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்து நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முடிந்ததும் அவன் காலைத் தொட்டாள். அவன் பதறிப்போய் எழுந்துவிட்டான்.

சாப்பாடு அங்கேயே சமைத்தார்கள். நான் பின்னால் ஒரு தூண் ஓரம் உட்கார்ந்திருந்தேன். தம்பி இலையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“இம்மாம் நாளு கழிச்சு வாய் வந்துச்சா உனக்கு?”

“வந்துச்சு.”

“எதுக்குக்கா சொன்ன? எனக்குப் பழகிப் போயிருந்துச்சு.” ஒரு வாய் சாப்பிட்டான். “பாப்பா உங்கிட்ட பேசுதா?”

“‘வாம்மா’ன்னு சொன்னா.”

அவன் தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தான்.

நான் போகும்போது ஒரு தூக்குச் சட்டியில் புளிச்சோறு கொண்டுபோயிருந்தேன். பாப்பாவுக்குப் பிடிக்கும் என்று மட்டும் இல்லை. புளிச்சோறு நாள் முழுக்கத் தாங்கும். சோற்றை முறத்தில் கொட்டி நன்றாக ஆறவைத்துத்தான் கிளறினேன். மூடியை நூல் போட்டுக் கட்டி, கொட்டகையில் செய்கிற மாதிரி ஒரு தாளில் ‘காலை 6 மணி’ என்று எழுதி ஒட்டியிருந்தேன். பாப்பா அதை வாங்கிக் கடை அலமாரியில் சோப்புப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கிளம்பும்போது அவளே எடுத்துக்கொண்டு பஸ்வரைக்கும் வந்தாள்.

“இந்தாம்மா, உன் தூக்கு.”

கை பட்டதும் கனம் தெரிந்தது. பஸ் கிளம்பிவிட்டது. வளைவு வளைவாக இறங்கும்போது சட்டி சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டுப் பார்த்தேன். நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. தாளும் இருந்தது. நூலை அவிழ்த்து மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். கெடவில்லை. காலையில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஒரு தட்டில் போட்டு, கீழே உட்கார்ந்து, நானே சாப்பிட்டேன்.